கரடி கொண்டுபோன ருசி

அம்பாசமுத்திரத்துக் காலை நடையர் சங்கம் பன்னிரண்டு வருஷமாக ஒரே பள்ளிக்கூட மைதானத்தை ஒரே திசையில் சுற்றி வந்தது. சுற்றிய தூரத்தையெல்லாம் நீட்டிப் போட்டால் காசிக்கு மூன்று தடவை போய்த் திரும்பியாயிற்று என்று செயலாளர் பிச்சுமணி வாத்தியார் ஒருநாள் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும், அவ்வளவு நடந்தும் மைதானத்து கேட்டைத் தாண்டவில்லையே என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வெட்கம் வந்தது. அந்த வெட்கத்தில்தான் ஒன்பது நாள் மலை நடை என்று முடிவாயிற்று. புறப்பட்ட உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். அதில் பதினோரு பேருக்குச் சர்க்கரை, மீதி ஒருவர் இன்னும் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

அந்தப் பரிசோதிக்காத மனிதர்தான் ஆவுடையப்பன். இந்தக் கதையை இப்போது ஊரில் அதிகம் சொல்வது அவர்தான். சொல்லும்போது 'நான்' என்று சொல்லாமல், 'அந்தப் பெரிய காவல்காரன்' என்றுதான் தன்னைக் குறிப்பிடுவார். முப்பத்தோரு வருஷம் அரசு நெல் கிடங்கில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கிடங்கில் எலிகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை ஊரில் பரப்பியவரும் அவரே.

சங்கத்தின் நான்காம் விதியை எழுதியவரும் அவர்தான். நடை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டிலிருந்து சுண்டல் வரும். சங்கம் தொடங்கிய மூன்றாம் வருஷம் யாரோ ஒருவர், 'இன்னிக்குச் சுண்டல்தான் சுண்டல்' என்று மனம் திறந்து சொல்லிவிட, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளின் சுண்டலெல்லாம் என்னவாம் என்று கேள்வி கிளம்பி, சங்கம் இரண்டாகி, ஒரு பாதி வலமாகவும் மறு பாதி இடமாகவும் மைதானத்தைச் சுற்றி, எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு ஐந்து மாதம் போயிற்று. சமரசக் கூட்டத்தில் ஆவுடையப்பன் எழுந்து, சாப்பாட்டின் ருசி பற்றி உறுப்பினர் எவரும் நல்லதாகவோ கெட்டதாகவோ வாய் திறக்கக் கூடாது என்று எழுதி நீட்டினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவருக்கு அது ஒரு சிரமமும் தரவில்லை, ஏனென்றால் தன் வீட்டில் அந்த விதியை அவர் கல்யாணமான நாளிலிருந்தே கடைப்பிடித்து வந்தார்.

மலை நடைக்கான சாப்பாட்டுப் பொறுப்பு அவர் மனைவி சங்கரவடிவுக்கு வந்தது. மூன்று வாரம் அவள் வறுத்தாள், இடித்தாள், கிளறினாள், உருட்டினாள். புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, பருப்புப்பொடி, எள்ளுருண்டை, அதிரசம், தேன்குழல் என்று வீட்டுக் கூடமே நிறைந்தது. தொற்று நோய் வந்த வருஷம் அவளுக்கு நாலு மாதம் ருசியும் வாசனையும் அடியோடு போயிருந்தது. அந்த நாலு மாதமும் கை ஞாபகத்திலேயே சமைத்து, தினமும் அவரிடம், "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பாள். அவர் "ம்" என்பார். நாக்கு ஒருநாள் திரும்பி வந்துவிட்டது. ஆனால் வந்த மாதிரியே போய்விடுமோ என்ற பயம் அவளை விட்டுப் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதற்கும் அவர் "ம்" என்றுதான் இருந்தார்.

வழியில் பொங்கிப் போட அவளும் கூடவே வந்தாள், வழிகாட்ட வனக்காவலர் மாசானம் வந்தார், சுமை தூக்க மலையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். புறப்படுவதற்கு நாலு நாள் முன்பே மாசானம் கரடியைப் பற்றிச் சொல்லிவிட்டார். படுக்கும் கூடாரத்தில் ஒரு பிஸ்கட் துண்டுகூட இருக்கக் கூடாது, அடுப்பு நூறு அடி தள்ளி இருக்க வேண்டும், தட்டைக் கழுவாமல் போடக் கூடாது, தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, சாப்பாட்டு மூட்டையை இரண்டாள் உயரத்துக்குக் கிளையில் கட்டித் தொங்கவிட வேண்டும். "கரடிக்கு மூக்குதான் எல்லாம், அண்ணாச்சி. கரையான் புத்துல வாயை வச்சு ஒரு இழுப்பு இழுத்துச்சுன்னா உள்ள இருக்கது பூராவும் வந்துரும்" என்றார்.

மூட்டை என்ற சொல்லே ஆவுடையப்பனுக்குப் பிடிக்கவில்லை. இறுக்கமான மூடி போட்ட இரண்டு நீல டிரம் வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு, பூட்டின்மேல் அரக்கு முத்திரை. வீட்டுக் கிணற்றுக் கப்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். எடை பார்க்க ஒரு ஸ்பிரிங் தராசும் கூட வந்தது. ஒவ்வொரு மாலையும் டிரம்மை எடை போட்டு, முத்திரை வைத்து, கப்பியில் ஏற்றி, ஏழு முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு காலையும் முடிச்சை எண்ணி, இறக்கி, மறுபடி எடை போட்டார். இதையெல்லாம் மாசானம் பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் காரம் இல்லை. முடிச்சு ஏழும் அப்படியே, முத்திரை அப்படியே, எடையில் ஒரு கிராம் குறைவில்லை, பொடியின் சிவப்புகூட மங்கவில்லை. ஆனால் இட்லிப்பொடி நாக்கில் மணலாகக் கிடந்தது. மூன்றாம் நாள் புளிப்பு போயிற்று. நாலாம் நாள் உப்பு போயிற்று; உப்பை எடுத்து வாயில் போட்டால் உப்பே உப்பாக இல்லை. யாரும் வாய் திறக்கவில்லை. நான்காம் விதி காட்டுக்கும் பொருந்துமா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் அவ்வளவு நல்ல உறுப்பினர்கள்.

ஆகவே அவரவர் நாக்கைத்தான் அவரவர் சந்தேகித்தார்கள். பிச்சுமணி வாத்தியார் தன் பல்செட்டின்மேல் பழியைப் போட்டு, அதைக் கழற்றி ஓடைத் தண்ணீரில் அரை மணி நேரம் தேய்த்தார். கண் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஜெபசீலி, தான் விழுங்கும் சர்க்கரை மாத்திரையை யாருக்கும் தெரியாமல் பாதியாக உடைத்தார். தன் அப்பா சாவதற்கு ஒரு வாரம் முன்பு ருசி தெரியாமல் போயிற்று என்று நினைவு வந்த ஒருவர், பிள்ளைகளுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எல்லோரும் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று. இப்படியே பன்னிரண்டு பேரும் தனித்தனியாகக் கவலைப்பட்டு, வரிசையாக நடந்து, வட்டமாக உட்கார்ந்து, பிரசாதம் சாப்பிடுகிற முகத்தோடு ஒன்றுமில்லாததை மென்று விழுங்கினார்கள்.

ஐந்தாம் நாள் நடையில் ஆவுடையப்பன் எல்லோருக்கும் பின்தங்கி, ஒரு காட்டு நெல்லி மரத்திலிருந்து ஒரு காயைப் பறித்துக் கடித்தார். நாக்கு சுருண்டது, கண்ணில் நீர் வந்தது, ஓடைத் தண்ணீரைக் குடித்ததும் தொண்டை வரை தித்தித்தது. நாக்கில் கோளாறு இல்லை என்றால் கோளாறு டிரம்மில். டிரம்மில் கோளாறு என்றால் காவலில். இந்தக் கணக்கு முழுதாக முடிவதற்குள் அவர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு கை நெல்லிக்காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அன்று பொழுது சாயும் நேரம் மற்றவர்கள் ஓடையில் குளிக்கப் போயிருந்தார்கள். முடிச்சைச் சரிபார்க்க வந்த ஆவுடையப்பன், டிரம்முக்கு நேர் கீழே கரடி பின்னங்காலில் நின்றுகொண்டிருப்பதைக் கண்டார். கிளையைத் தொடவில்லை, கயிற்றைப் பார்க்கக்கூட இல்லை. உதட்டைக் குவித்து மேலே நீட்டி ஒரு இழுப்பு இழுத்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். அடியில் கிழிந்த மூட்டையிலிருந்து நெல் சரிகிற சத்தம்; முப்பத்தோரு வருஷம் தூக்கத்திலும் அவர் பயந்த சத்தம். பூட்டிய டிரம்மிலிருந்து அதிரசத்தின் வெல்ல வாசனை வெளியே வந்து, ஏலக்காயோடும் நெய்யோடும் அவர் தலைக்கு மேலாகக் கடந்து, கரடியின் வாய்க்குள் போயிற்று. காரமும் புளிப்பும் உப்பும் போன பிறகு பாக்கியிருந்தது இனிப்பு ஒன்றுதான். அதுவும் போயிற்று.

அந்தப் பெரிய காவல்காரன் என்ன செய்தான் என்றால், கரடியை விரட்ட என்றே கழுத்தில் விசில் தொங்க, கையில் தட்டும் கரண்டியும் இருக்க, முதலில் பூட்டைப் பார்த்தான். பூட்டு பூட்டியே இருந்தது. அது ஒரு நிம்மதியாக இருந்தது என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார். கரடி மெதுவாக உட்கார்ந்து, உதட்டை நக்கி, அவரை ஏறிட்டுப் பார்த்தது. வயிறாரச் சாப்பிட்டவர்கள் பரிமாறிய ஆளைப் பார்க்கிற பார்வை அது. அப்படி ஒரு பார்வையைத் தான் ஒருநாளும் யாரையும் பார்த்ததில்லை என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கு உறைத்தது, உறைத்ததும் பயத்தைவிட வெட்கம் அதிகமாக வந்தது. கரடி எழுந்து, வந்த வழியே போயிற்று.

மாசானத்திடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளிலிருந்தே கரடித்தடம் பின்னால் வருவதைப் பார்த்ததாகச் சொன்னார். "டப்பாவைத் தொட விடாமப் பாத்துக்கிட்டீங்க, அண்ணாச்சி. அது தொடவே இல்லையே" என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, உங்கள் ஆட்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தானே சாப்பிட்டார்கள், சுமைக்காரர்கள் நாலு நாளாகச் சுட்ட கிழங்குதான் தின்கிறார்கள் என்று பதில் வந்தது.

ஆவுடையப்பன் கூடாரத்துக்குத் திரும்பினால், சங்கரவடிவு கரண்டியைக் கழுவித் துடைத்து ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கு நாக்கு போயிட்டு. இந்தத் தடவை திரும்பாது, தெரியுது. ருசி தெரியாதவ பன்னெண்டு பேருக்குப் பொங்கிப் போடுறது பாவம். நாளைக்கு எல்லார்ட்டயும் சொல்லிட்டு இதை ஜெபசீலி அக்கா கைல குடுத்துருவேன். ஊருக்குப் போனாலும் இனிமே அடுப்படிக்கு ஒரு ஆளைப் பாத்துக்கிடுங்க."

அவர் சட்டைப் பையில் ஆறு நெல்லிக்காய் இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த இடத்திலேயே அவள் பயம் போயிருக்கும். ஆனால் கொடுத்தால், நாக்கு நன்றாக இருக்கிறது என்றாகும், அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன ஆயிற்று என்றாகும், ஏழு முடிச்சும் நாலு பூட்டும் என்ன காவல் காத்தன என்றாகும். "மலைக்காத்து, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். வாழ்க்கையில் தான் செய்த திருட்டு அது ஒன்றுதான் என்று பின்னால் அவரே சொல்வார்.

ஆறாம் நாள் மதியம் ஒரு பாறைத் தளத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். புளியோதரை பரிமாறியாயிற்று. சங்கரவடிவு துணிச்சுருளோடு எழுந்து நின்று, ஊருக்குப் போனதும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்று ஆரம்பித்து, ஜெபசீலி பக்கம் கையை நீட்டினாள். ஜெபசீலி டாக்டர் அண்ணாந்து பார்த்தார். அந்தத் துணிச்சுருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக அரை அடிதான் இருந்தது. ஆவுடையப்பன் தன்னை அறியாமல் எழுந்துவிட்டார்.

"புளியோதரையில புளி இல்ல" என்றார். "உப்பு இல்ல, காரம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

நான்காம் விதி உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சங்கரவடிவு அவரைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷம் கழித்து முதல் வார்த்தை இதுவா என்பது எழுதியிருந்தது. அவர் தட்டுத் தடுமாறி நெல்லிக்காயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, கடிச்சுப் பாரு என்றார். அவள் கடித்தாள். அவள் முகம் சுருங்கியது, கண் மூடிக்கொண்டது, தோள் சிலிர்த்தது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அது நெல்லிக்காயால் மட்டும் அல்ல. வட்டத்தைச் சுற்றி ஒரு சலசலப்பு. பிச்சுமணி வாத்தியார் இடுப்பு மடியிலிருந்து மூன்று நெல்லிக்காயை எடுத்து முன்னால் வைத்தார், ஜெபசீலி மருந்துப் பையிலிருந்து எடுத்தார், கடிதம் எழுதியவர் அந்தக் கடிதத்துக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். சங்கரவடிவைத் தவிர அத்தனை பேரும் திருட்டுத்தனமாக நெல்லிக்காய் தின்றுகொண்டுதான் நடந்திருக்கிறார்கள்.

ஆவுடையப்பன் கரடியைப் பற்றிச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அவரவர் பல்செட்டும் மாத்திரையும் உயிரும் தப்பிய நிம்மதியில், கரடி ருசியை உறிஞ்சியது அவர்களுக்கு மிகவும் நியாயமான சேதியாகப் பட்டது. பிச்சுமணி வாத்தியார் மட்டும் செயலாளர் என்ற முறையில், களவு போன பொருள் என்னென்ன என்று முறைப்படி சொல்லும்படி கேட்டார்.

கிடங்கில் சரக்கு காணாமல் போனால் பொறுப்பாளர் நின்றுகொண்டு பொருள், அளவு, தரம் என்று மூன்றும் சொல்ல வேண்டும். பொருள் சொன்னார், அளவு சொன்னார். தரம் என்று வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பாறையைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார்.

"புளியோதரை வாயில வச்சதும் புளிக்காது. முதல்ல எள்ளு வரும், பிறகு நல்லெண்ணெய். மூணாவதாத்தான் புளி வரும், வரும்போதே அடுத்த கவளத்துக்குக் கை போயிருக்கும். வெந்தயம் கசக்கும், ஆனா எங்க கசந்துச்சுன்னு கேட்டா சொல்ல முடியாது. அதிரசத்துல ஓரம் மொறுமொறுன்னு இருக்கும், நடுவுல இருக்காது. நான் ஓரத்தைத் தின்னுட்டு நடுவைக் கடைசிக்கு வச்சிக்கிடுவேன். எள்ளுருண்டையில இவ ஒரு சிட்டிகை சுக்கு போடுவா. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா. கல்யாணமான மறு வருஷத்துலேர்ந்து எனக்குத் தெரியும்."

நிறுத்த முடியவில்லை. தேன்குழலின் பெருங்காயம், பருப்புப்பொடியில் பூண்டு விழும் கணம், மழை நாளின் ரசம், டிரம்மில் இல்லாதவை, மலைக்கே வராதவை, கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்துச் சரக்கு எல்லாம் சரிந்தது. நாக்கு போயிருந்த நாலு மாதமும் ஒரு குறையும் இல்லை, ஒரே ஒரு நாள் ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, அன்றைக்கும் 'ம்' என்றுதான் சொன்னேன் என்று சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

சங்கரவடிவு அவர் எதிரிலேயே நின்றாள். "சுக்கு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். பிறகு, "கரடி அஞ்சே நாள்ல ருசி கண்டு பின்னாடியே நடந்து வந்துட்டு. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு உங்களுக்கு இவ்வளவு நாள் ஆயிருக்கு" என்றாள். துணியைப் பிரித்துக் கரண்டியை எடுத்து, ருசியில்லாத புளியோதரையை அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அவர் அதைச் சாப்பிட்டார்.

மீதி மூன்று நாளும் அவர் ஒவ்வொரு பண்டமாகச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர் சொன்ன சொல்லால் சாப்பாட்டில் ருசி திரும்பி வந்தது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். வரவில்லை. கடைசி வரை மணல்தான். டிரம்மை மட்டும் அவர் அதற்குப் பிறகு பூட்டவில்லை.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறே நான்காம் விதியை ஏகமனதாக நீக்கினார்கள். அன்று வந்த சுண்டலில் தேங்காய் போதாது என்று அரை நிமிஷத்துக்குள் ஒரு குரல் எழுந்தது. சங்கம் இப்போது மூன்றாக இருக்கிறது: ஒன்று மைதானத்தில், ஒன்று ஆற்றங்கரையில், ஒன்று ரயில் நிலையச் சாலையில். பன்னிரண்டு பேரும் மனதில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு ஆரோக்கியமாக இருக்கிறார்கள்.

கரடி மட்டும் கரையான் புற்றைத் திரும்பிப் பார்க்காமல், ஐந்தாம் நாள் டிரம் தொங்கிய மரத்தடியிலேயே கிடப்பதாக மாசானம் போன் செய்தார். சங்கரவடிவு மறுநாளே பொடி இடித்து, எள்ளுருண்டை பிடித்து, பூட்டில்லாத ஒரு டப்பாவில் போட்டு அனுப்பினாள். மாதம் ஒருமுறை இப்போது போகிறது. நாலு நாளில் டப்பா திரும்பி வரும், உள்ளே எல்லாம் போனபடியே, எடை குறையாமல், ருசி மட்டும் இல்லாமல். அவள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஒன்றுமே தெரியாவிட்டால் அவளுக்குத் திருப்தி. கரடிக்கு எல்லாம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பொடியை அவள் வீணாக்குவதில்லை. மதியம் ஆவுடையப்பன் இலை முன்னால் உட்கார்ந்ததும், சூடான சோற்றில் அதைத்தான் போட்டு, எண்ணெய் விட்டு, எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இதில் என்னவெல்லாம் இருந்தது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். சில நாள் பாதியில் களைத்துப்போய், பழைய பழக்கத்தில் "ம்" என்று நிறுத்தப் பார்ப்பார்.

"ம்னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்பாள் சங்கரவடிவு. அவர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எள்ளிலிருந்து ஆரம்பிப்பார்.